ரயிலை விட்டு இறங்காதவர் ஊரை எப்போது பார்த்தார்? பால் தெரூ பற்றி ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

2025 ஜனவரி 11 (ஒரு வாசகரின் கேள்வி)

அமெரிக்க எழுத்தாளர் பால் தெரூவின் 'தி கிரேட் ரயில்வே பஜார்' படித்து முடித்தேன். லண்டனில் ஏறுகிறார், ஜப்பான் வரை போகிறார், சைபீரியா வழியாகத் திரும்புகிறார். எந்த ஊரிலும் உருப்படியாகத் தங்கியதாகத் தெரியவில்லை. கோயில், கோட்டை என்று எதையும் நிதானமாகச் சொல்லவில்லை. பெட்டியில் உட்கார்ந்து பக்கத்து சீட்டுக்காரரோடு பேசியதை எழுதினால் அது பயண இலக்கியமா? இவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

2025 ஜனவரி 12

பொருளடக்கத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். முப்பது அத்தியாயம். எல்லாமே ரயில்களின் பெயர்கள்: கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், ராமேஸ்வரம் லோக்கல், தலைமன்னார் மெயில், ஹவுரா மெயில், மண்டலே எக்ஸ்பிரஸ். ஊரைப் பற்றி எழுதுகிறேன் என்று அவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு ரயில்தான் ஊர். அதற்குள் தெரு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, சண்டை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது.

நான் விற்பனை வேலையில் பல வருடம் சென்னைக்கும் நாக்பூருக்கும் அலைந்தவன். பெரும்பாலும் ஜி.டி. எக்ஸ்பிரஸ், அதாவது அந்த கிராண்ட் டிரங்க். நாக்பூரில் எந்தத் தெருவில் எந்தக் கடை என்று இன்று கேட்டால் தடுமாறுவேன். ஆனால் எதிர் பெர்த்தில் உட்கார்ந்து தன் மகளின் கல்யாணம் நின்றுபோன கதையை ராத்திரி முழுக்கச் சொன்ன மனிதரின் முகம் அப்படியே இருக்கிறது. விடிந்ததும் இறங்கிப் போய்விடுவோம், இனிப் பார்க்கப் போவதில்லை என்பதால்தான் அவர் என்னிடம் சொன்னார். தெரூ கண்டுபிடித்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஊரில் போய் இறங்கிய வெளியாளிடம் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

2025 ஜனவரி 14

"அவர் எப்படி இந்த வேலைக்கு வந்தார்" என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் ரயில் எழுத்தாளராக ஆரம்பிக்கவில்லை.

1941இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபோர்டில் பிறந்தவர். பாஸ்டன் அண்டு மெயின் ரயில் ஓசை காதில் விழும் தூரத்தில் வீடு. 1963இல் பீஸ் கோர் என்ற அமெரிக்கத் தன்னார்வ அமைப்பின் ஆசிரியராக ஆப்பிரிக்காவுக்குப் போனார். அப்போது நியாசாலாந்து என்று பெயர், மறு வருடம் விடுதலை பெற்று மலாவி ஆனது. ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சிக்கு எதிரானவர்களுக்கு உதவினார் என்று 1965இல் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். பிறகு உகாண்டாவில் மகெரேரே பல்கலைக்கழகத்தில் வேலை, அடுத்து சிங்கப்பூரில் கல்லூரி ஆசிரியர். மூத்த மகன் கம்பாலாவில் பிறந்தான், இளையவன் சிங்கப்பூரில். 1971இல் குடும்பத்தோடு இங்கிலாந்து.

முதல் நாவல் 1967. அதன் பிறகு வரிசையாக நாவல்கள். எழுத்தை மட்டும் நம்பி வேலையை விட்ட மனிதர். 1973 செப்டம்பரில், மனைவியையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் லண்டனில் விட்டுவிட்டு விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறார். வயது 32. நான்கு மாதம் கழித்துத்தான் வீடு. 1975இல் புத்தகம் வந்தது, அதிலிருந்து அவர் பெயரோடு ரயில் ஒட்டிக்கொண்டது. அதற்கு அப்புறமும் அவர் எழுதியதில் நாவல்களும் கதைகளுமே அதிகம். 'தி மொஸ்கிட்டோ கோஸ்ட்' 1981இல் வந்து படமாகவும் ஆனது. இருந்தாலும் ரயிலில் போனவர் என்றுதான் நாம் அவரைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2025 ஜனவரி 15

ஒன்று விட்டுப்போனது. அந்தப் பயணம் வரைபடத்தில் தெரிகிற மாதிரி ஒரே தண்டவாளம் கிடையாது. ஆப்கானிஸ்தானில் அப்போது ரயிலே இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல். வியட்நாமில் அமெரிக்கப் படை அந்த வருடம்தான் வெளியேறியிருந்தது, சண்டை ஓயவில்லை. துண்டு துண்டாக இருந்த வண்டிகளில் ஹூவேயிலிருந்து டனாங் வரை போகிறார். ஜப்பானிலிருந்து கப்பலில் சோவியத் துறைமுகமான நகோட்கா. விளாடிவோஸ்டோக் அப்போது வெளிநாட்டவருக்கு மூடிய ஊர். இப்படி அறுந்த இடங்களையெல்லாம் கோர்த்துக்கொண்டு போனது ஒரு தனி வேலை. அந்த வேலை புத்தகத்தில் வெளியே தெரியாது. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் எத்தனை ஜன்னல் முன்னால் நின்றிருப்பார் என்று, கையில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு நின்ற எவருக்கும் புரியும்.

2025 ஜனவரி 29

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "தமிழர்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தும் இவரைத் தூக்கிப் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அந்தப் பத்தியை நான் முதலில் படித்தது அதே ஜி.டி. எக்ஸ்பிரஸில், அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு. தமிழர்களின் நிறம், எலும்பு, முடி, பச்சைக் குச்சியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் பல். ஏதோ செடியின் இலையையும் தண்டையும் விவரிப்பது போல வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார். கீழே எட்டிப் பார்த்தேன். லோயர் பெர்த்தில் ஒரு அம்மா பேரனுக்குப் புளிசாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை இந்த ஆள் எப்படி எழுதியிருப்பார் என்று நினைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் திறக்கவில்லை.

இன்றைக்கும் அந்தப் பத்தியை நான் நியாயப்படுத்த மாட்டேன். தனி மனிதர்களிடம் பேசும்போது அவருக்கு அபாரமான காது இருக்கிறது. கூட்டமாகப் பார்க்கும்போது அந்தக் காது மூடிக்கொள்கிறது, கண் மட்டும் வேலை செய்கிறது.

2025 பிப்ரவரி 2

மேலே எழுதியதைப் படித்தபோது என் பழைய நோட்டு ஒன்று ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தேன். 1990களில் ஒரு பெரிய ஜங்ஷனில் பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி நின்றபோது எழுதியது. பிளாட்பாரம் முழுக்க ஆணும் பெண்ணும் படுத்துத் தூங்குகிறார்கள், உழைக்கிற நேரத்தில் இப்படிக் கிடக்கிறார்களே என்று நாலு வரி.

பல வருடம் கழித்து அதே ஜங்ஷனில் இணைப்பு ரயில் தவறி நானும் ஆறு மணி நேரம் உட்கார வேண்டி வந்தது. அப்போதும் அதே மாதிரி ஆட்கள். பேச்சுக் கொடுத்தேன். அறுப்பு வேலைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள். முந்தின ராத்திரி முழுக்க அன்ரிசர்வ்டில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள், சாயந்திரம்தான் அடுத்த வண்டி. தூங்காமல் என்ன செய்வார்கள்?

இரண்டு நிமிடம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். நான் அச்சடிக்கவில்லை, அவர் அச்சடித்தார். எழுதி விற்கிறவருக்குப் பொறுப்பு கூடுதல்தான். ஆனால் இந்த நோய் ஜன்னலிலேயே இருக்கிறது, ரயிலில் போய் எழுதுகிற எவருக்கும் வரக்கூடியது என்று இப்போது தோன்றுகிறது.

2025 பிப்ரவரி 20

இன்னொரு காட்சி. 1973 பயணத்தின் ஆரம்பத்திலேயே ஒரு முதிய ஆங்கிலேயர் அவரோடு ஒரே பெட்டியில் வருகிறார். இத்தாலி எல்லையில் டோமோடொஸ்ஸோலா ஸ்டேஷனில் சாப்பாடு வாங்க இறங்குகிறார், வண்டி கிளம்பிவிடுகிறது. அவருடைய பைகள் மட்டும் பெட்டியில். தெரூ அவற்றை வெனிஸில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். படிக்கிறவர்கள் சிரிக்கிற பகுதி அது.

எனக்கு அதைப் படித்துச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. வடக்கே போகும் ஒரு ரயிலில், வாரங்கல் தாண்டி, பல்லார்ஷாவுக்கு முன்னால், சிக்னலுக்காக ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. என் எதிரில் இருந்த பெரியவர், அறுபத்தைந்து வயது இருக்கும், "தம்பி, குழாயில தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று பாட்டிலோடு இறங்கினார். குழாய் பிளாட்பாரத்தின் கடைசியில். வண்டி நகர ஆரம்பித்ததும் அவர் ஓடி வருவதைப் பார்த்தேன். சங்கிலியை இழுக்க எழுந்தேன். பெட்டியில் இருந்தவர்கள், வண்டி வேகம் எடுக்கவில்லை, பின்பெட்டியில் ஏறிக்கொள்வார் என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். அவர் ஏறவில்லை. செருப்பு பெர்த்துக்குக் கீழே கிடந்தது. வெறுங்காலோடு இறங்கியிருக்கிறார். பையை டி.டி.இ.யிடம் கொடுத்தேன், அவர் பல்லார்ஷாவில் ஒப்படைத்தார். அதற்கு அப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

தெரூ அந்த ஆங்கிலேயரை அப்படியே விட்டுவிடவில்லை. 1982இல் பிரிட்டனின் கடற்கரையைச் சுற்றி வந்தபோது அவருடைய ஊருக்கே போய் விசாரிக்கிறார். அவர் இறந்து போயிருந்தார். சொந்தக்காரர்களிடம் கேட்டு அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொண்டு அந்தக் கடற்கரைப் பயணத்தின் புத்தகத்தில் எழுதினார். இதைப் படித்த பிறகுதான் அவர் மேல் எனக்கிருந்த கோபம் குறைய ஆரம்பித்தது.

2025 பிப்ரவரி 21

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். அந்தப் பயணத்தில் என்னோடு வந்த நண்பர் கூப்பிட்டுப் பேசினார். செருப்பு இல்லையாம், சாக்ஸ் திணித்து வைத்த ஷூவாம். பெட்டியில் இருந்தவர்கள் தடுத்தார்கள் என்று நான் எழுதியதும் முழுக்கச் சரியில்லை என்கிறார். ஒரே ஒருவர்தான் சொன்னாராம், மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. இத்தனை வருடமாக எனக்குச் சாதகமாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

2025 மார்ச் 9

இன்றைக்கு லேசான விஷயம். 'தி ஓல்டு படகோனியன் எக்ஸ்பிரஸ்' 1979இல் வந்தது. தென் அமெரிக்காவின் தெற்கே, படகோனியா வரை போகும் பயணம். அது எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? பாஸ்டன் உள்ளூர் ரயிலில், காலையில் ஆபீஸ் போகிறவர்களுக்கு நடுவில். அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறார்கள், இவர் மட்டும் படகோனியாவுக்குப் போகிறார், பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இதைப் படித்த பிறகு மின்சார ரயிலில் பெரிய பையோடு ஏறுகிறவர்களை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தாம்பரத்தில் ஏறியவர் எழும்பூரில் இறங்கி எந்த ஊருக்குப் போகிறாரோ.

அதே பயணத்தில் புவனோஸ் அயர்ஸில் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸைச் சந்திக்கிறார். போர்ஹேஸுக்குப் பார்வை போய்ப் பல வருடம். கிப்ளிங், எட்கர் ஆலன் போ இருவரின் எழுத்தையும் தெரூவை வாசித்துக் காட்டச் சொல்கிறார். ராத்திரியில் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கேட்கிறார். தெரூவின் காதைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் காதுக்கு ஏற்ற ஆள் கிடைத்த இடம் அது.

கடைசி ரயில் எஸ்கெல் என்ற ஊருக்கு, வெறும் 75 சென்டிமீட்டர் அகலத் தண்டவாளத்தில். நம் மீட்டர் கேஜைவிடக் குறுகியது.

2025 ஏப்ரல் 7

நேற்று புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள். நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு திசை மாறினாலும் எழுதிவிடுகிறேன். முழுக்க மாறவில்லை, தெரூ போன பாதைதான்.

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறந்தது. அப்போது போட் மெயில் தனுஷ்கோடி வரை போகும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடியே போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியையும் அலை கொண்டுபோனது. அதனால் 1973இல் தெரூ எழும்பூரில் ஏறி வந்தபோது கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான். ஒன்பதே வருடம் முன்னால் நடந்தது. அந்தப் பெட்டியில் இருந்த எத்தனையோ பேருக்கு அது சொந்த வீட்டுச் சாவாக இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுதும் அளவுக்கு அவருக்கு மொழி இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களின் குரல்தான் அவர் புத்தகத்தில் நிறைய. இது அவர் முறையின் பெரிய குறை. முதலில் இதை நான் யோசிக்கவில்லை.

சின்ன வயதில் மீட்டர் கேஜ் வண்டியில் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். வண்டி நடக்கிற வேகத்தில் ஊரும். கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லாததால் ஜன்னலில் பார்த்தால் நேராகத் தண்ணீர். பெரியவர்கள் காசு எறிவார்கள். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே இருப்பார்.

2025 ஏப்ரல் 7, இரவு

"தலைமன்னார் பாதை இப்போது உண்டா?" என்று கேட்டவருக்கு: இலங்கைப் பக்கம் போரில் அழிந்த தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் வந்தது. ராமேஸ்வரம் கப்பல் 1980களில் நின்றது நின்றதுதான். இரண்டு கரையிலும் ரயில் இருக்கிறது, நடுவில்தான் வழியில்லை.

2025 மே 18

தெரூவின் வாக்கு பொய்த்துப்போன ஓர் இடம். 1980களில் சீனாவை ரயிலிலேயே சுற்றி 'ரைடிங் தி அயர்ன் ரூஸ்டர்' எழுதினார், 1988. திபெத்துக்கு மட்டும் ரயில் இல்லாததால் கோல்முட்டிலிருந்து காரில் போனார். குன்லுன் மலை இருக்கிற வரை லாசாவுக்கு ரயில் வரவே வராது என்று உறுதியாக எழுதிவைத்தார். 2006 ஜூலை 1இல் வந்துவிட்டது. தங்குலா கணவாயில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறிப் போகும் பாதை. அவர் அந்த வரியை எழுதியது கணிப்பாகத் தெரியவில்லை, ஆசையாகத்தான் தெரிகிறது. ஓர் இடமாவது ரயிலுக்கு எட்டாமல் அப்படியே இருக்கட்டும் என்று வாழ்நாள் ரயில்காரர் ஒருவர் விரும்பியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு மனம் இளகுகிறது.

2025 ஜூன் 22

இதைத்தான் ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். 2008இல் வந்த 'கோஸ்ட் டிரெய்ன் டு தி ஈஸ்டர்ன் ஸ்டார்' போன வாரம் மறுபடி படித்து முடித்தேன். 33 வருடம் கழித்து, 2006இல், அதே பாதையில் திரும்பப் போகிறார். ஈரான் விசா கொடுக்கவில்லை, ஆப்கானிஸ்தானில் போர், அதனால் ஜார்ஜியா, அஜர்பைஜான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று சுற்றிக்கொண்டு வருகிறார். வியட்நாமில் முன்பு போக முடியாத ஹனோய்க்கு இந்த முறை போக முடிகிறது.

அதில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறார். முதல் பயணத்துக்கு அவர் கிளம்பியதில் மனைவிக்கு இஷ்டமே இல்லை. நாலு மாதம் கழித்து வீடு வந்தபோது மனைவியின் வாழ்க்கையில் வேறொருவர் வந்திருந்தார். அந்த வேதனையோடும் கோபத்தோடும் உட்கார்ந்துதான் 1975 புத்தகத்தை எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்கு அது குதூகலமான புத்தகம். வீட்டில் நடந்ததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு பழைய புத்தகத்துக்குத் திரும்பினால் பின்பாதி வேறு மாதிரி படிக்கிறது. சைபீரிய ரயிலில், கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டுக்குப் போகத் துடிக்கிற ஒரு மனிதனின் எரிச்சல் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. ஜனவரியில் நான் அதை வெறும் சிடுசிடுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டிலும் "நாக்பூர்ல உனக்கு இன்னொரு குடும்பம் இருக்கா?" என்று கேட்ட காலம் உண்டு. கேட்டவர் அழுதுகொண்டேதான் கேட்டார். மாதத்தில் பதினெட்டு நாள் வெளியில் இருந்தவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ரயில் எழுத்தாளரின் வாழ்க்கை என்று பேசும்போது, பிளாட்பாரத்தில் நின்று வழியனுப்பியவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

2025 ஜூன் 23

எழுத்தாளர் வி.எஸ். நைபாலுக்கும் தெரூவுக்கும் இருந்த நட்பு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1966இல் கம்பாலாவில் சந்தித்தார்கள், முப்பது வருடம் நட்பு. பிறகு முறிந்தது. 1998இல் தெரூ அதைப் புத்தகமாகவே எழுதினார், கடுமையான புத்தகம். 2011இல் ஹே இலக்கிய விழாவில் கைகுலுக்கிக்கொண்டார்கள். இங்கேயும் அவர் விட்ட இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார், கவனியுங்கள்.

2025 ஆகஸ்ட் 3

ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். ரயிலை விட்டு இறங்காதவர் ஊரை எப்போது பார்த்தார்? ஜனவரியில் "ரயில்தான் ஊர்" என்று பதில் சொன்னேன். அது பாதிதான். முதல் முறை போனபோது அவர் ரயிலைப் பார்த்தார். இரண்டாவது முறை அதே தண்டவாளத்தில் போனபோதுதான் ஊர்கள் கண்ணில் பட்டிருக்கின்றன, எது மாறியது, எது மாறவில்லை, தான் எங்கே தவறாகப் பார்த்தோம் என்று. இரண்டு புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1975 புத்தகத்தை மட்டும் படித்தால் உங்களுக்கு வந்த அதே சந்தேகம்தான் வரும்.

போன வாரம் நாக்பூருக்கு ஒரு கல்யாணம். வேலை விட்ட பிறகு அந்தப் பாதையில் போவது இதுதான் முதல் தடவை. வாரங்கல் தாண்டியதிலிருந்து வாசலில் நின்றேன். அந்தச் சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்கவில்லை. பிளாட்பாரத்தை நீட்டியிருக்கிறார்கள், கூரை புதிது. கடைசியில் இருந்த குழாய் அங்கேயே இருக்கிறது, சுற்றி சிமென்ட் தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஒரு பையன் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது பாசஞ்சர் வண்டி பிடித்து அங்கே இறங்கினேன். பணியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்து ஆள் ஒருவர் ஓய்வு பெற்றுப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார் என்று சொல்லி ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். நாளைக்குக் கூப்பிடுகிறேன்.